ஆளை எண்ணுவதா, வருடத்தை எண்ணுவதா? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து வந்த ஒரு கடிதத்தைச் சுருக்கிப் போட்டு, பதில் அடுத்த மாதம் என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சப் பேர் எழுதிவிட்டார்கள், எல்லாம் மரணக் கணக்குத்தான். ஆகவே இந்த முறை காணி உறுதி, ஓய்வூதியம், தென்னை வண்டு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் எங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். வயல் செய்கிற ஊர். பத்து வருடமாக ஒவ்வொரு மரணத்துக்கும் பெயர், வயது, திகதி, கொடுத்த காசு எல்லாம் கொப்பியில் எழுதி வருகிறோம். எண்ணிக்கையைப் பார்த்தால் வருடத்துக்கு வருடம் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முந்தி செத்தவீடு என்றால் கிழவன் கிழவிகள்தான், இப்ப இளசுகள் போகுதுகள் என்று சனம் சொல்லுது. ஒரு அலுவலகத்தில் இதைச் சொன்னேன், “எண்ணிக்கை கூடவில்லையே” என்று சிரிக்கிறார்கள். எப்படிக் காட்டுவது?
(சங்கச் செயலாளர், படுவான்கரை)

பதில்: தம்பி, முதலில் அந்தக் கொப்பியை ஒரு ஃபோட்டோக் கொப்பி எடுத்து வையுங்கள். பத்து வருடத்து மரணத்தை ஊரில் உள்ளவனே எழுதி வைத்த கொப்பி ஆராய்ச்சி செய்கிற ஆட்களுக்குக்கூட இலேசில் கிடைக்காது.

சிரித்தவர் பொய் சொல்லவில்லை, அவர் ஆளை எண்ணுகிறார். ஆளை எண்ணும்போது 88 வயதில் பாயில் படுத்துப் போன அப்பப்பாவும் 19 வயதில் போன பேரனும் ஆளுக்கு ஒன்றுதான். சனம் சொல்வது வேறு கணக்கு, அது இழந்த வருடத்தின் கணக்கு. அதைப் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு எல்லை வயதை வைத்துக்கொள்கிறோம், இப்போது பெரும்பாலும் 75. அதற்கு முன் இறந்த ஒவ்வொருவருக்கும் 75இலிருந்து அவருடைய வயதைக் கழித்து, வருகிறதையெல்லாம் கூட்டுகிறோம். 75க்கு மேல் போனவர்களுக்குப் பூச்சியம். இதை ‘இழந்த ஆயுள் வருடங்கள்’ என்று சொல்லலாம். 1947இல் அமெரிக்காவில் காசநோய் மரணங்களைப் பற்றி எழுதும்போது இந்த மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். மரண வீதம் நன்றாக இறங்கிவிட்டது என்று எல்லோரும் ஆறுதல்பட்ட நேரம் அது, ஆனால் காசநோய் கொண்டுபோனது இளம் ஆட்களை என்பதால் வருடமாகப் பார்த்தால் இழப்பு அப்போதும் பெரிதாகவே இருந்தது. பிறகு 1982இலிருந்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் தன் வாராந்த அறிக்கையிலேயே இதைப் போடத் தொடங்கியது.

சரி, ஒரு கற்பனைக் கொப்பியை எடுப்போம். ஒரு வருடத்தில் பத்து மரணம், வயது 88, 83, 79, 76, 72, 66, 58, 44, 23, 19. முதல் நாலு பேருக்கும் பூச்சியம். மற்றவர்களுக்கு வரிசையாக 3, 9, 17, 31, 52, 56. கூட்டினால் 168 வருடம். அதில் கடைசி இரண்டு பேர் மட்டும் 108. இனிக் காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். 76, 72, 58, 44 நாலு பேரும் மாரடைப்பு என்று வைப்போம், 23 வயதுப் பையன் மோட்டார் சைக்கிள், 19 வயதுப் பையன் தண்ணீரில் மூழ்கிப் போனவன். ஆளை எண்ணினால் மாரடைப்பு நாலு, விபத்து இரண்டு, ஆகவே இந்த ஊரின் பிரச்சினை இதய வருத்தம் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். வருடத்தை எண்ணினால் மாரடைப்பு 51, விபத்து 108, எல்லாம் தலைகீழ். அதே பத்து மரணம், அதே கொப்பி.

இந்த 168ஐத் தனியாகக் கொண்டுபோய்க் காட்டினாலும் பாதிக் கணக்குத்தான். ஊரில் 75 வயதுக்குக் கீழே எத்தனை பேர் என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு அதால் பிரியுங்கள். 1,400 பேர் என்றால் 168ஐ 1,400ஆல் பிரித்து ஆயிரத்தால் பெருக்க, ஆயிரம் பேருக்கு 120 வருடம் என்று வரும். பக்கத்து ஊரோடு ஒப்பிட இந்த எண்தான் உதவும். அப்போதும் கவனம், பக்கத்து ஊரில் இளம் குடும்பங்கள் கூட என்றால் இளவயது மரணமும் இயல்பாகவே கூட வரும். அதனால் 15 முதல் 44, 45 முதல் 74 என்று வயதுக் கூட்டமாகப் பிரித்து ஒப்பிடுவது நல்லது.

அதைவிட முக்கியம், ஒரே ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். சிறிய ஊர், ஒரு வான் கவிழ்ந்தால் அந்த வருடக் கணக்கு வானத்துக்கு ஏறும், அடுத்த வருடம் ஒன்றுமே இருக்காது. பத்து வருடம் கையில் இருக்கிறது, முதல் ஐந்தைச் சேர்த்து ஒன்று, அடுத்த ஐந்தைச் சேர்த்து ஒன்று என்று போடுங்கள். சனம் சொல்வது சரியென்றால் ஆட்களின் எண்ணிக்கை அப்படியே நிற்க வருடங்கள் மட்டும் ஏறியிருக்கும். ஏறவில்லை என்றால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும், இளசுகளின் செத்தவீடு மனதில் கிடக்கிற மாதிரிக் கிழவிகளின் செத்தவீடு கிடப்பதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைகளையும் தனியாக வையுங்கள், ஒரு குழந்தை மரணமே முக்கால் நூற்றாண்டைக் கொண்டுவந்து மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

கொப்பியில் இரண்டு நிரல் கூட்டச் சொல்லுவேன். ஒன்று, எங்கே எப்படி நடந்தது: எந்த வளைவு, எந்தத் துறை, தலைக்கவசம் போட்டிருந்தாரா, யானை என்றால் வயலுக்குள்ளா வீட்டு முற்றத்திலா, எத்தனை மணிக்கு. மற்றது, 18 வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகளை விட்டுப் போனார் என்பது. இந்த இரண்டாவது, இழந்த வருடக் கணக்கில் வராது. 44 வயதில் போன தாய்க்கு 31 வருடம் என்றுதான் கணக்கு சொல்லும், நாலு பிள்ளைகளை அம்மம்மா வளர்க்கிறதை அது சொல்லாது.

கேள்வி: சேர், நான் உயர்தரம் படிக்கிறேன். 75க்கு மேல் இறந்தால் பூச்சியம் என்று இணையத்தில் வாசித்தேன். எங்கட அம்மம்மா 82 வயதில் மோசம்போனா. கடைசி வரைக்கும் அவதான் வீட்டில் எல்லாம். அவவின் இழப்பு பூச்சியமா? இந்த 75ஐ யார் முடிவு செய்தது?
(மாணவி, கல்லடி)

பதில்: மகள், ஒருவரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. ஆரம்பத்தில் 65 வைத்தார்கள், உழைக்கும் வயது முடிகிற இடம் என்று. மனிதன் உழைக்கிற வரைக்கும்தான் கணக்கில் வருவான் என்ற நினைப்பு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது, எனக்கு அது பிடிப்பதில்லை. பிறகு ஆயுள் கூடக் கூட 75 பரவலானது. இந்தக் கணக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: காலத்துக்கு முந்திய சாவு எவ்வளவு? அம்மம்மாவின் சாவு காலத்துக்கு முந்தியது இல்லை என்று மட்டும்தான் அந்தப் பூச்சியத்துக்குப் பொருள். ஒருவர் வீட்டுக்கு எவ்வளவு தேவைப்பட்டார் என்று அளக்கிற வேலைக்கு அது வந்ததே இல்லை.

அந்தப் பூச்சியம் உறுத்துகிறது என்று நினைத்தவர்கள் வேறு வழியும் செய்திருக்கிறார்கள். கிறிஸ்தோபர் மரே, அலன் லோபஸ் என்ற இரண்டு பேர் முன்னின்று செய்த உலக நோய்ச்சுமைக் கணக்கு 1993இல் உலக வங்கியின் அறிக்கையில் வெளிவந்தது. அதில் வெட்டுக்கோடு இல்லை. எந்த வயதில் இறந்தாலும், நல்ல ஆரோக்கியமான நாட்டில் அந்த வயதுக்காரர் இன்னும் எத்தனை வருடம் இருந்திருப்பார் என்று ஒரு ஆயுள் அட்டவணையில் பார்த்து எழுதுவார்கள். பிறக்கிற ஆணுக்கு 80, பெண்ணுக்கு 82.5 என்று அட்டவணை தொடங்கியது, 80 வயதை எட்டிய பெண்ணுக்கும் இன்னும் ஏறக்குறைய 9 வருடம் இருந்தது. ஆகவே அந்தக் கணக்கில் உன் அம்மம்மாவுக்கும் சில வருடம் விழும்.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு வேலையும் பார்த்திருந்தார்கள். 25 வயதையொட்டிய வருடங்களுக்குக் கூடுதல் நிறை கொடுத்தார்கள், குழந்தையின் வருடமும் கிழவரின் வருடமும் கொஞ்சம் மலிவு. அதோடு எதிர்காலத்தில் வரவிருந்த வருடங்களுக்கு வருடம் 3 வீதம் கழிவு, வங்கிக் கணக்கு மாதிரி. இன்று செத்த பிள்ளையின் நாற்பதாவது வயதுக்குத் தள்ளுபடி போடுவது பொருளியலாளருக்குச் சாதாரணமாக இருக்கலாம், பெற்றவளிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். பலத்த வாதத்துக்குப் பிறகு 2010ஆம் ஆண்டுக்கான கணக்கில் இரண்டையும் தூக்கிவிட்டார்கள், நல்ல காரியம்.

நீ அடுத்துக் கேட்கப்போவது எனக்குத் தெரியும், ஏன் வெளியூர் அட்டவணை, நம் நாட்டு ஆயுளையே வைக்கலாமே என்று. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2011-13 ஆயுள் அட்டவணையில் ஆணுக்கு 72.0, பெண்ணுக்கு 78.6. இதையே எல்லையாக வைத்தால் 40 வயதில் போன ஆணுக்கு 32, அதே வயதில் போன பெண்ணுக்குக் கிட்டத்தட்ட 39. ஆண்கள் இங்கே சீக்கிரம் சாகிறார்கள் என்பதையே சாட்டாக வைத்து அவர்கள் சீக்கிரம் சாகிறதைக் குறைத்துக் காட்டின கதையாகிவிடும். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைப்பதுதான் நியாயம், அது கொஞ்சம் உயரமாகவே இருக்கட்டும்.

கேள்வி: எங்கட வாப்பா 61 வயதில் மாரடைப்பில் மௌத்தானார். இங்க இருந்து அம்புலன்ஸில் மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் அங்கதான் உயிர் போச்சு, மரணப் பதிவும் அங்கதான். அப்ப இவர் எந்த ஊர்க் கணக்கில் வருவார்? மரணச் சான்றிதழில் போடுற காரணத்தை நம்பலாமா?
(வாசகர், சாய்ந்தமருது)

பதில்: நானா, வாப்பாவின் மறுமை வாழ்வுக்கு இறைவன் அருள் புரியட்டும். நீங்கள் கேட்டது இந்தக் கரையில் யாரும் அதிகம் பேசாத விஷயம். மரணத்தை அது நிகழ்ந்த இடத்தில்தான் பதிவார்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், வாழைச்சேனை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கடும் நோயாளிகள் வருகிறார்கள், அங்கே நடக்கிற மரணமெல்லாம் அங்கேயே பதிவாகிறது. பதிவான இடத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் மட்டக்களப்பு நகரில் சனம் ஈசலாய்ச் சாகிற மாதிரியும் ஆஸ்பத்திரி இல்லாத ஊர்களில் ஒருவருமே சாகாத மாதிரியும் தெரியும். வதிவிடத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிருவாகத்தில் அம்பாறை ஒரே மாவட்டம், சுகாதாரத்தில் அம்பாறை, கல்முனை என்று இரண்டு பிராந்தியப் பணிமனை. மாவட்ட எண்ணையும் பிராந்திய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு யாரோ தவறு செய்கிறார்கள் என்று சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காரணத்தைப் பற்றி. ஆஸ்பத்திரியில் வைத்தியர் எழுதும்போது படியாக எழுத வேண்டும், கடைசியில் உயிரை எடுத்தது என்ன, அதைக் கொண்டுவந்தது என்ன, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது என்ன என்று. கணக்குக்கு அந்த அடியில் இருந்ததுதான் வேண்டும். “இதயம் நின்றது” என்று மட்டும் எழுதினால் அது காரணமே இல்லை, யார் செத்தாலும் இதயம் நிற்கும்தானே. இருபது வருடச் சீனி வருத்தம் சிறுநீரகத்தைத் தின்று, பிறகு மாரடைப்பு வந்தால் சீனியை எழுதாமல் விட்டால் அந்த வருடங்களும் சீனியின் கணக்கில் ஏறாது. வீட்டில் நடக்கிற மரணம் இன்னும் மோசம், வீட்டார் சொன்னது கிராம உத்தியோகத்தர் வழியாகப் பதிவாளரிடம் போகிறது, அந்தப் பதிவாளர் வைத்தியர் இல்லை. ‘முதுமை’, ‘காய்ச்சல்’ என்று எழுதினால் அது பதிவில் அப்படியே கிடக்கும். சில நாடுகளில் பயிற்சி பெற்ற ஒருவர் பிறகு வீட்டுக்குப் போய், எத்தனை நாள் இருமல், கால் வீங்கியிருந்ததா, நெஞ்சு நோவு எங்கே தொடங்கியது என்று ஒழுங்காகக் கேட்டுக் காரணத்தை ஊகிக்கிறார்கள். பரவாயில்லாமல் வேலை செய்கிறது.

உங்கள் வாப்பாவின் 61 வயது இன்னொரு கணக்கிலும் வரும். 30 வயதை எட்டிய ஒருவர் 70 வயதாகும் முன் இதய நோய், புற்றுநோய், நீரிழிவு, நாட்பட்ட சுவாச நோய் இவற்றில் ஒன்றால் இறக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று நாடுகள் பார்க்கின்றன. 2030க்குள் அதை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாக ஐக்கிய நாடுகள் சபையில் ஒப்புக்கொண்ட இலக்கும் உண்டு.

கேள்வி: செத்தவர்களின் வருடத்தை எண்ணி என்ன பிரயோசனம்? கணக்குப் போட்டு ஒரு உயிரையாவது காப்பாற்றினார்களா?
(வாசகர், அம்பாறை)

பதில்: காப்பாற்றினார்கள், இந்த நாட்டிலேயே. 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள், உலகிலேயே மேல்வரிசையில் இருந்த வீதம். மொத்த மரணத்தில் அது சிறிய பங்கு. ஆனால் பெருந்தொகையானவர்கள் இளம் ஆட்கள், இழந்த வருடமாகப் பார்த்தால் மறைக்க முடியாத மலை. பலர் உண்மையில் சாக நினைக்கவில்லை, ஒரு கோபத்தில், ஒரு மாலை நேரத்தில், வீட்டில் கைக்கெட்டிய பூச்சிநாசினியைக் குடித்தவர்கள். மிகவும் நச்சானவற்றை 1995இலும், இன்னும் சிலவற்றை 2008இலிருந்து சில வருடங்களிலும் பதிவிலிருந்து நீக்கினார்கள். வீதம் பிறகு 15 அளவுக்கு இறங்கியது. குடித்தவர்கள் எல்லோரும் குடிப்பதை நிறுத்தவில்லை, குடித்தவர்கள் பிழைக்கத் தொடங்கினார்கள். வயல்காரர் பயந்த மாதிரி விளைச்சலும் அதனால் விழவில்லை. ஒவ்வொரு இளைஞனுக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரு வர்த்தமானி அறிவித்தல் அதிகம் செய்த இடம் இது, அதனால்தான் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை’ என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

இதை வாசிக்கிற யாருக்காவது மனம் அந்தப் பக்கம் போகிறது என்றால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் அது. வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: பத்திருபது வருடக் கணக்குப் போடும்போது சுனாமி வந்த 2004ஐச் சேர்ப்பதா விடுவதா?
(ஆசிரியர், கல்முனை)

பதில்: இரண்டு விதமாகவும் போட்டு இரண்டையும் காட்டுங்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேர் அளவில் ஒரே காலையில் போனார்கள், நாட்டிலேயே கூட. சேர்த்தால் மற்ற எதுவும் கண்ணுக்குத் தெரியாது. விட்டால் ஊர் இழந்ததில் பெரும்பகுதியை விட்டமாதிரி. உடல் கிடைக்காதவர்களின் மரணத்தைப் பதிய 2005இல் தனிச் சட்டமே வந்தது, ஆகவே பதிவுத் திகதியைப் பார்க்காமல் இறந்த திகதியைப் பாருங்கள்.

கேள்வி: என் அண்ணன் 1990இல் காணாமல்போனவர். அப்ப அவருக்கு 20 வயது. அவர் எந்தக் கணக்கிலும் இல்லை. அம்மா மரணச் சான்றிதழ் எடுக்க மாட்டேன் என்று சொல்லியே போய்விட்டா. இவர்களை எப்படி எண்ணுவது?
(வாசகி, வாழைச்சேனை)

பதில்: தங்கச்சி, 1990 என்றால் என்ன என்று இந்த மாவட்டத்தில் எந்தச் சமூகத்துக்கும் விளக்கத் தேவையில்லை. வந்தாறுமூலை, சத்துருக்கொண்டான், காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் என்று கூட்டமாகக் கொன்றதும் கொண்டுபோய்க் காணாமலாக்கியதும் எல்லாம் இரண்டு மாதத்துக்குள். அந்தக் காலத்தில் பதிவுக் காரியாலயங்களே ஒழுங்காக இயங்கவில்லை. 1981க்குப் பிறகு மட்டக்களப்பில் முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது 2012இல்தான், 2001இல் எடுத்தது அரைகுறை. அதாவது செத்தவர்களையும் சரியாக எண்ணவில்லை, இருந்தவர்களையும் சரியாக எண்ணவில்லை.

மரணச் சான்றிதழ் எடுக்க விருப்பமில்லாத குடும்பங்களுக்கு, மரணப் பதிவு பற்றிய 2010 சட்டத்துக்கு 2016இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம். அது அவர் இறந்தார் என்று சொல்லாது. இந்த இரண்டில் எதை எடுப்பது, எடுப்பதா என்பதே குடும்பத்தின் முடிவு, கணக்குப் போடுகிறவன் அதில் வாய் வைக்கக் கூடாது. ஊர்க் கணக்கு எழுதுகிறவர்கள் இவர்களுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கி, காணாமல்போன வருடத்தையும் அப்போதைய வயதையும் எழுதட்டும், மரணப் பட்டியலோடு கூட்டாமல். உங்கள் அண்ணனுக்கு 75 வயது வருவது 2045இல்.

கேள்வி: எங்கள் சங்கக் கொப்பியில் பழைய ஆட்களின் வயது ‘அறுபது இருக்கும்’, ‘எழுபதுக்கு மேல்’ என்றெல்லாம் இருக்கிறது. சில இடத்தில் வயதே இல்லை. என்ன செய்வது?
(பொருளாளர், மரண உதவிச் சங்கம், திருக்கோவில்)

பதில்: வயதுக் கூட்டம் மட்டும் தெரிந்தால் நடு வயதை எடுங்கள், 15 முதல் 24 என்றால் 20 என்று வைத்து 55 வருடம். ஆட்கள் கூடக் கூட அந்தப் பிழை தன்பாட்டில் சமனாகும்.

வயதே இல்லாதவர்களுக்கு அடையாள அட்டை இலக்கம் இருக்கிறதா என்று அங்கத்தவர் படிவத்தில் தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும், துக்க வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 58 என்று தொடங்கி 234 என்று வந்தால் 1958 ஓகஸ்ட் 21. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துத்தான் அந்த நாளை எண்ணியிருப்பார்கள். பெண்ணென்றால் 500 கூட்டி 734 என்று இருக்கும், ஆகவே ஆணா பெண்ணா என்பதும் அதிலேயே கிடைக்கும். பன்னிரண்டு இலக்கமுள்ள புதிய அட்டையில் முதல் நாலும் வருடம், அதற்குப் பிறகு அதே முறை. வயதான சிலருக்கு அட்டையில் இருக்கிற பிறந்த திகதியே குத்துமதிப்புத்தான். ஆனால் ஆள் 75 தாண்டியவர் என்று நிச்சயமாகத் தெரிந்தால் 79ஆ 84ஆ என்று மண்டையை உடைக்க வேண்டாம், எப்படிப் போட்டாலும் பூச்சியம்தான், கூட்டுத்தொகை அசையாது. மெனக்கெட வேண்டியது ‘அறுபது இருக்கும்’ என்று எழுதிய ஆட்களுக்கு.